லுசியானேயின் ஜோடிச் சொற்கள்

“இந்த சூப்பு வெதுவெதுன்னுதான் இருக்கு” என்று பாஸ்கோ முகத்தைச் சுளிக்கும்போதே லுசியானேயின் கை பேனாவைத் தேடுகிறது. சூப்பைச் சூடாக்க எடுத்துப் போவதெல்லாம் அப்புறம்தான்.

“அந்த வெதுவெதுங்கறது சூப்புக்கு மட்டுந்தானா ஐயா, டீக்கும் வருமா?”

“டீக்கும் வரும். இங்க நான் வந்து சேர்ந்த அன்னிக்கு எனக்குக் கெடச்ச வரவேற்புக்கும் வரும்.”

லாட்டரி விழுந்தவள்போல அவள் முகம் மலர்கிறது. சீருடையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்திரியில் வெதுவெதுப்புக்கான அந்த ஆங்கிலச் சொல்லை எழுதி, அதன் கீழே சூப்பு, டீ, வரவேற்பு என்று மூன்றையும் வரிசையாக உட்காரவைக்கிறாள். பாஸ்கோவுக்கு எண்பத்தெட்டு வயது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குறை சொல்லாத நாளில் உடம்பு சரியில்லை என்று டாக்டரைக் கூப்பிடுவார்கள். லுசியானேக்கு அவர்தான் பாடப்புத்தகம். பாடம் வேண்டும் என்று தோன்றினால் அவருடைய டீயை வேண்டுமென்றே ஐந்து நிமிஷம் தாமதமாகக் கொண்டுபோவாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆக்லாந்தின் மாங்கரேயில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் எனக்குச் சலவை அறை. பதினான்கு வருஷமாக இங்கேதான் வெந்துகொண்டிருக்கிறேன். லுசியானே பிளாஸ்திரியை உரிக்க மறந்து சீருடையை அழுக்குக் கூடையில் போட்டுவிடுவாள். துவைத்ததும் அது கழன்று, உலர்த்தும்போது யாருடைய துணியிலாவது போய் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை நிர்வாகியம்மாளின் மேஜைவிரிப்பில் ‘பலத்த சந்தேகம்’ என்று ஒட்டியிருந்தது. திட்டு வாங்கியது நான். அன்றிலிருந்து அவள் சீருடையை மட்டும் தனியே எடுத்து, பிளாஸ்திரிகளை உரித்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைக்கிறேன். வீட்டுக்குப் போகும்முன் வந்து நோட்டில் படியெடுத்துக்கொள்வாள்.

என்னை அவள் அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. “எங்க டோங்கா தீவுல அண்ணன் இருக்கற எடத்துல தங்கச்சி கேலி பேசக் கூடாது. உன்ன அண்ணனாக்கிட்டா நான் யாரத்தான் கிண்டல் பண்றது?” என்பாள். ஆகையால் எனக்கு அவள் வைத்த பெயர் லாண்டரி.

அலமாரிக் கதவைத் திறந்தால், எந்தச் சொல் எதோடு ஜோடி சேரும் என்று எனக்கே படிக்கச் சுவாரசியமாக இருக்கும். ஆங்கிலத்தில் காற்று பலமாக அடிக்கிறது, தேநீரும் பலமாக இருக்கிறது, மழை மட்டும் கனமாகப் பெய்கிறது. தேநீரை உண்டாக்குகிறார்கள், சத்தத்தை உண்டாக்குகிறார்கள், முடிவையும் தவறையும்கூட உண்டாக்குகிறார்கள். பாத்திரம் தேய்ப்பதையும் வீட்டுப்பாடத்தையும் மட்டும் செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இந்த ஊரில் பிறந்தவர்களுக்கே தெரியவில்லை. “அப்பிடித்தான் சொல்லுவோம்” என்று தோளைக் குலுக்குகிறார்கள்.

லுசியானேக்கு இதில் வியப்பே கிடையாது. “எங்க ராஜா சாப்பிட்டா அதுக்கு ஒரு சொல்லு. பிரபு சாப்பிட்டா வேற சொல்லு. நானும் நீயும் சாப்பிட்டா அதுக்கு ஒண்ணு. எவனாச்சும் ஏன்னு கேட்டிருக்கானா? யாருக்கு எது பொருந்தும்னு தெரிஞ்சு வெச்சுக்கறதுதான் மரியாத. இங்கிலீஷ்ல மழைக்கு ஒரு மரியாத, டீக்கு ஒரு மரியாத. கொடுத்துட்டுப் போவோம், நமக்கென்ன கொறஞ்சுபோச்சு.” அவள் வெள்ளைப் பலகை போட்டு விளக்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. படுக்கை விரிக்கும்போது தேவாலயப் பாட்டின் கீழ்ச்சுருதியைப் பாடுவாள், மேல்சுருதியை யாராவது பாடட்டும் என்று விட்டுவிட்டு. டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் பத்து வருஷம் நர்ஸாக இருந்தவள். இங்கே வந்து ஆறு வருஷமாக உதவியாளர்தான். ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் நர்ஸாகப் பதிவு செய்வார்கள். எழுத்து, வாசிப்பு, கேட்டல் எல்லாம் முடித்துவிட்டாள். பேச்சில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டாள். ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் தடுமாறும் இளம் நர்ஸின் பக்கத்தில் நின்று, நோயாளியின் கையை வெறுமனே தடவிக்கொடுப்பாள். அந்த நரம்பு எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும், ஆனால் ஊசியைத் தொட அனுமதியில்லை. அந்தச் சில நிமிஷம் மட்டும் அவள் பாடுவதில்லை.

முதல் தடவை தோற்ற கதை இல்லம் முழுக்கப் பிரசித்தம். டோங்காக்காரர்களுக்கு ஆமாம் சொல்ல வாய் வேண்டாம், புருவத்தை ஒருமுறை தூக்கினால் போதும். மாங்கரேயில் பஸ் ஓட்டுநருக்குக்கூட அது புரியும். பரிசோதகர் கேட்ட ஏழெட்டுக் கேள்விக்கு இவள் புருவத்தாலேயே பதில் சொல்லியிருக்கிறாள். மேஜையில் இருந்ததோ பதிவுக் கருவி. பிற்பாடு உட்கார்ந்து கேட்டு மார்க் போட்டவருக்கு அந்த இடமெல்லாம் மௌனம்.

இரண்டாவது தடவை நடந்ததைச் சொன்னபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. நீங்கள் நன்றாகச் செய்யும் ஒரு வேலையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுங்கள் என்று அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள்.

“என்ன சொன்ன?”

“எனக்கு எதுவும் உருப்படியா வராது, மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன இருக்கு சொல்ல?”

“பத்து வருஷம் பிரசவம் பாத்தவ நீ. ஜோடிச் சொல்லுன்னு என் அலமாரிக் கதவ நாசம் பண்ணி வெச்சிருக்க. அதுல ஒண்ணுகூடவா வாய்ல வரல?”

“எல்லாச் சொல்லும் வந்துச்சு லாண்டரி. என்னப் பத்திச் சொல்லத்தான் வாய் வரல. நம்மள நாமளே தூக்கிப் பேசறது வெக்கக்கேடு. வேற யாராச்சும் எந்திரிச்சு சொல்லணும். எங்க ஊர்ல அதுக்குன்னே ஆளு இருக்கு.”

இதில் பொய் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முழுப் பன்றியை வாட்டி, தேங்காய்ப்பாலில் இறைச்சியோடு வெந்த சேம்பிலைப் பொட்டலம் முப்பது கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, “ஒண்ணுமில்ல, வாய்க்கு விளங்காத சாப்பாடு, மன்னிச்சுக்குங்க” என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றவள் அவள். நாங்கள் மூன்று நாள் அதைத் தின்றோம்.

மூன்றாவது தேர்வுக்கு முந்தின வாரம் நான் துவைத்த போர்வைகளோடு பாஸ்கோவின் அறைக்குப் போனேன். லுசியானே அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். இன்றைக்குக் குறை எதுவும் இல்லையா ஐயா என்று வழக்கம்போலப் பாடம் கேட்டாள்.

“இருக்கு. உன்மேலதான் இருக்கு.”

கத்தி நின்றது. அவள் முகம் சுண்டிவிட்டது.

“நீ செவ்வாக்கெழம லீவு எடுக்கற. அன்னிக்கு வர்ற பொண்ணு எனக்கு சவரம் பண்ணா, ஆட்டுக்கு ரோமம் கத்தரிச்ச மாதிரி இருக்கு. காலு வீங்காம இருக்க அந்த இறுக்க உறைய மாட்டிவிட்டா அரை மணியில சுருண்டு கெடக்கு. எதிர் ரூம் அம்மா அழுதாங்கன்னா என்னத்துக்கு அழறாங்கன்னே அதுக்குத் தெரியல. நீ வாசல்ல நின்னு பாத்தே சொல்லிடுவ. ஒரு மனுஷன் செவ்வாக்கெழமைய எப்பிடித்தான் ஓட்டறது? எழுதிக்கோ, சும்மா நிக்கறியே.”

அவள் சிரிக்கவில்லை. சவர நுரை அவர் கன்னத்தில் காயக் காய, பிளாஸ்திரி முழுக்க எழுதினாள். இடம் போதாமல் இன்னொரு துண்டு கிழித்தாள். அன்று சாயங்காலம் அவள் சீருடையில் ஒட்டியிருந்ததை நான் கதவில் ஒட்டவில்லை. அவளே உரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேர்வு முடிந்த மறுநாள் சலவை அறை வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவையும் அட்டையில் அதே மாதிரிக் கேள்விதானாம், உங்கள் திறமை என்ன என்று.

“மறுபடியும் மன்னிப்புக் கேட்டியா?”

“நான் ஒண்ணுமே சொல்லல. எங்க வீட்ல பாஸ்கோன்னு ஒருத்தர் இருக்காரு, எல்லாத்துக்கும் குறை சொல்லுவாரு, என்னப் பத்தி அவரோட குறை இதுன்னு ஆரம்பிச்சேன். அந்தச் செவ்வாக்கெழமக் கதைய எடுத்து விட்டேன். கேள்வி கேட்ட அந்தம்மா போதும்னு கை காட்டுனாங்க, நான் இன்னும் கால் உறைக்கே வரல.”

இல்லத்தை அவள் ‘எங்க வீடு’ என்றாள். நான் திருத்தவில்லை.

தேர்வு முடிவு வந்த வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சலவையில் கை ஓடவில்லை, துண்டுகளை மடிக்கும் சாக்கில் அங்கேயே வந்து நின்றுவிட்டேன். லுசியானே செல்போனைப் பார்த்துப் பைக்குள் போட்டாள். சமையலறைக்குள் போய் இரண்டு கையிலும் சூப்புத் தட்டோடு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“என்னவோ, சுமாருதான். அதப் போயி கேக்கறியே” என்றாள் தரையைப் பார்த்து.

அந்தச் சுமாரை நம்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் பன்றியும் அவள் வாயில் சுமார்தான். பாஸ்கோ கரண்டியால் மேஜையைத் தட்டினார். “சூப்பு வழக்கம்போல ஆறித்தான் வருது. அது கெடக்கட்டும். நர்ஸாயிட்டியா இல்லியா? வாயத் தெறந்து சொல்லும்மா.”

அவள் தட்டை அவர் முன்னால் வைக்காமல் அப்படியே நின்றாள். உதடு இறுக மூடியிருந்தது. புருவங்கள் இரண்டும் மெல்ல மேலே ஏறின. வெகுநேரம் இறங்கவே இல்லை.