தனலெட்சுமியின் கூடைப்பந்து வீரர்கள்

பால் கொடுக்க வந்த தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கத் திரும்பிப் போயிருந்தார்கள். நான் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். மலைப்பக்கம் கூச்சல் கேட்டது. சற்று நேரத்தில் கொழுந்தெடுக்கப் போன ராணி முகமெல்லாம் வீங்கி வாசலில் வந்து விழுந்தாள். "டீச்சர், தனம் அக்காவ குளவி கொட்டிருச்சு. அங்கேயே கெடக்குறாங்க" என்றாள். புகை போட்டுக் குளவியை விரட்டிய பிறகுதான் அவளைக் கொழுந்து லொறியில் ஏற்ற முடிந்தது. மஸ்கெலியா ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே உயிர் போய்விட்டது.

தனலெட்சுமியை உங்களில் பலருக்கும் நெட்டச்சி என்றுதான் தெரியும். தோட்டத்திலேயே உயரமான பெண். வாய்த்துடுக்கும் உயரத்துக்குக் குறைந்ததில்லை. நானும் அவளும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் பிள்ளைக் காம்பராவுக்கு வேலைக்கு வந்தேன். அவள் பெய்ரூத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது எல்லோரும் நகை கொண்டுவந்தாளா என்று பார்த்தார்கள். அவள் கொண்டுவந்தது அமெரிக்கக் கூடைப்பந்துப் பைத்தியத்தை.

அது எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். அந்த வீட்டுப் படிக்கட்டில் தேநீர்த் தட்டோடு வழுக்கி விழுந்தாளாம். வீட்டுக்காரியம்மா ஓடிவந்து கோப்பைகளைப் பார்த்தாராம். இடுப்பு வலியோடு கூடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கையில், வீட்டுப் பெரியவர் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டத்தில் பனைமரம் போல ஒருவன் தடாலென்று விழுந்திருக்கிறான். "நாலு பேரு நாலு பக்கத்துலேருந்து ஓடியாந்து கைய நீட்டுறானுங்க சரோ. அடி பட்டுச்சான்னுகூட கேக்கல, மொதல்ல தூக்கி விட்டானுங்க. தொடைப்பத்த புடிச்சிக்கிட்டு அழுதேன்" என்றாள். அவள் அழுதேன் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைக் காம்பராப் படியில் வந்து உட்கார்ந்து போனில் ஆட்டம் பார்ப்பாள். வெளிநாட்டுப் பெயர்கள் அவள் வாயில் நுழையாது. தானே பெயர் வைத்துக்கொள்வாள். எந்தக் காலத்துக்கும் அவளுக்குப் பிடித்தவர்களில் முதல் ஆள் மொட்டையன். எதிரணிக்காரன் விழுந்தாலும் தூக்கிவிடுவான், அதற்காகத் தன் ஆட்களிடமே ஏச்சு வாங்குவான். அடுத்தவன் துண்டுக்காரன். பெரும்பாலும் வெளியே பெஞ்சில்தான் இருப்பான். ஆனால் களைத்து வருகிறவனுக்குத் துண்டை நீட்ட முதலில் எழும்புவது அவன்தான். கோபக்காரன் என்று ஒருவனும் உண்டு. நடுவரோடு மல்லுக்கு நிற்பானே தவிர, சொந்த அணியில் தவறவிட்டவனை ஒரு நாளும் முறைக்கமாட்டான்.

மஸ்கெலியாவில் போன் கடை வைத்திருக்கும் நியாஸ் நானாவுக்கும் இந்த ஆட்டம் பிடிக்கும். போனுக்கு ரீலோட் போடப் போனால் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டைதான். "தங்கச்சி, ஆகக் கூட புள்ளி போட்டவன்தானே பெரியவன்? பெஞ்சில குந்திக்கிட்டு இருக்கிறவனப் போய்ச் சொல்றீங்களே" என்பார். "கூடையில போடுறது ஒரு பெரிய காரியமா நானா? நானும் பொழுதன்னைக்கும் கூடையிலதான் போடுறேன், எவன் கை தட்டுறான்?" என்று ஒரு போடு போட்டாள். கடையே சிரித்தது. செத்த வீட்டுக்கு வந்த நானா அதைச் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

அந்த மலையில் ஒரு மரத்தில் குளவிக்கூடு இருப்பதை முதலில் கண்டவளும் தனம்தான். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொன்னாள். ஆள் விட்டு எடுக்கிறேன் என்றார். மறுபடியும் சொன்னாள். கொழுந்து முற்றிப் போகிறது, முதலில் அதை எடுங்கள் என்று பதில் வந்தது. அன்று என்னிடம் வந்து, "அங்க ஒருத்தன் விழுந்தா விசில் ஊதி ஆட்டத்த நிப்பாட்டுறாங்க. இங்க நாம விழுந்தா அந்த எடத்துக்கு அடுத்த ஆளப் போடுவாங்க" என்றாள். வழக்கமான நக்கல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன்.

சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எங்கள் பிரிவில் பெரட்டு கிடையாது, பேர் கூப்பிட்டு யாரையும் வேலைக்கு அனுப்பமாட்டார்கள். அந்த வழக்கத்தை மட்டும் காப்பாற்றினார்கள். மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்குக் கூப்பிட்டு, அதே மலைக்கு அனுப்பி, அவள் நிரையில் வேறொரு பெண்ணை விட்டார்கள். கூடு இன்னும் அங்கேதான் தொங்குகிறது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னவளைத்தான் புதைத்துவிட்டோமே.

வீக்கம் வற்றிய பிறகு ராணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா கூப்பிட்டாங்க டீச்சர். ஒவ்வொருத்தர் பேராச் சொல்லிக் கூப்பிட்டாங்க. கிட்டப் போக முடியல. எல்லாரும் ஓடிட்டோம்" என்றாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. போயிருந்தால் இரண்டு பாடை கட்டியிருப்போம். ஆனாலும் உலகத்திலேயே விழுந்தவரைத் தூக்குகிறவர்களாகப் பார்த்துப் பார்த்து நேசித்த ஒருத்திக்கு இப்படியா முடிவு வரவேண்டும்? இதற்கு எனக்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. கடவுள் சித்தம் என்று சொல்ல வந்தவர்களை நான் உட்காரச் சொல்லவுமில்லை.

அவள் எனக்கு விட்டுப்போனது ஆட்டத்தைப் பார்க்கும் அந்தப் பார்வை ஒன்றுதான். போன ஞாயிறு படியில் உட்கார்ந்து தனியாகப் பார்த்தேன். யார் வென்றார்கள் என்று தெரியாது. நடுவில் ஒருவன் கால் இடறி விழுந்தான். மற்றவர்கள் அவனை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.