நான் சொல்லாத கெட்ட வார்த்தை

முதல் தகவல் அறிக்கையின் நகலை நான் பிழை திருத்துபவனாகத்தான் படித்தேன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப்பட்ட மனுக்களில் ஒற்று மிகும் இடம் பார்த்துப் பார்த்துக் கண் அப்படிப் பழகிவிட்டது. அறிக்கையில் இரண்டு சந்திப்பிழை, ஒரு தெருப்பெயர் தப்பு. அதற்கும் கீழே, பொது இடத்தில் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து நான் சொன்னதாக ஒரு கெட்ட வார்த்தை. அதில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.

நான் அதைச் சொல்லவில்லை. சொல்லவே மாட்டேன் என்றில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி வந்தால் எதிர்வீட்டு அண்ணன் தன் காலி மனையை வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார். மனை நிரம்பினால் தெருவையும் ஆக்கிவிடுவார். அந்தப் பௌர்ணமியில் எங்கள் கேட்டுக்குக் குறுக்கே சித்தூர் வேன் ஒன்று நின்றது. டிரைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மலை சுற்றப் போயிருந்தான். பைக் உள்ளே, பஸ் எதுவும் பாதைக்குள் வராது, என் மகளோ பிற்பகலில் சென்னையில் இருக்க வேண்டும். குரூப் ஃபோர் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்திருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம் பொறும்மா, வந்துடுவான்" என்றார் அண்ணன்.

"பதினாலு கிலோமீட்டர் பெரியப்பா. அஞ்சு நிமிஷத்துல சுத்தறதுக்கு அவன் என்ன மயில்ல போறானா?"

"சாமி காரியம்மா. அவசரப்படக் கூடாது."

நான் நடுவில் புகுந்து, வேனைத் தூக்கி ஏரியில் போட்டுவிடுவேன் என்றேன். என் உடம்பைப் பார்த்தவர்கள் யாரும் இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணனைப் 'பன்னாடை' என்றும் சொன்னேன். அவர் என் நெஞ்சில் விரலை வைத்தார். மகள் அவரைத் தள்ளினாள். பின்னாலிருந்த இளநீர்க் கூடுகளின் குவியலில் அவர் மெதுவாக, ஏதோ முதல் மரியாதைக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தார். அப்போது அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். ஒரே ஒரு முறை, தெளிவாக, வல்லினம் வல்லினமாக. இருபத்து மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவளுக்கு இவ்வளவு நல்ல உச்சரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

பால்காரர் வண்டியில் தொற்றிக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டு போனாள். சென்னைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் முழங்கைச் சிராய்ப்போடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அட்மிட் ஆனார். இங்கே சண்டை என்றால் காயம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, அட்மிட் ஆனானா என்றுதான் கேட்பார்கள். படுக்கையிலிருந்தே புகார் கொடுத்தார். மகள் காயப்படுத்தினாள், இருவரும் மிரட்டினோம், நான் ஆபாசமாகப் பேசினேன். குற்றம் சாட்டப்பட்டவர் வரிசையில் நான் ஏ ஒன், அவள் ஏ டூ. வேறு எதிலும் அவளை நான் முந்தியதில்லை.

போகப்போகச் சரியாகிவிடும் என்றிருந்தேன். குற்றப்பத்திரிகை வந்தது. அதன் பின்னாலேயே மகளுக்கு வேலை ஒதுக்கி, பூர்த்தி செய்ய ஒரு படிவமும் வந்தது. அதில் ஒரு கேள்வி: உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உள்ளதா, அல்லது இருந்ததா? ஆம் அல்லது இல்லை. பதில் எழுத அரை அங்குல இடம். அவளுடைய மூன்று வருடப் படிப்பு அந்த அரை அங்குலத்தில் வந்து நின்றது.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணனே வந்தார். கையில் இளநீர் வேறு.

"எனக்கு இவ்ளோ தூரம் போவும்னு தெரியாது தம்பி. நாலு நாள் ஸ்டேஷனுக்கு அலையட்டும்னுதான் குடுத்தேன். வாபஸ் வாங்கிக்கிறேன்."

ஸ்டேஷனில் சிரித்தார்கள். புகார்தான் உங்களுது பெரியவரே, கேஸ் அரசாங்கத்துது என்றார்கள். அண்ணன் தெருவைத் தன்னுடையது என்று நினைத்தவர். வழக்கையும் அப்படியே நினைத்துவிட்டார்.

இருவருமாக வக்கீலம்மாவிடம் போனோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேசும்போது நிமிர்ந்தே பார்க்கமாட்டார்.

"அடிச்சதுக்கு சமாதானம் பண்ணிக்கலாம். மிரட்டுனதுக்கும் பண்ணிக்கலாம். கோர்ட்டு பதிவு பண்ணிட்டா விடுதலை மாதிரிதான். பாப்பா மேல அது ரெண்டுதான் இருக்கு, வெளிய வந்துடும். ஆனா சார், அந்தக் கெட்ட வார்த்தை இருக்கு பாருங்க, அதுல சமாதானம் கிடையாது."

"ஏம்மா, திட்டு வாங்கினவன் நானு. நானே மன்னிச்சுட்டேன்" என்றார் அண்ணன்.

"உங்களை மட்டும் திட்டலையே. பொது இடம். கேட்டவங்க எல்லாருக்கும் எரிச்சல். பழைய சட்டத்துல இருநூத்துத் தொண்ணூத்து நாலு பி, இப்போ இருநூத்துத் தொண்ணூத்து ஆறு பி. நம்பர்தான் மாறிச்சு."

நான் அசந்துவிட்டேன். அடியை மன்னிக்கலாம், மிரட்டலை மன்னிக்கலாம், சொல்லை மன்னிக்க மனிதனுக்கு அதிகாரமில்லை. சொல்லுக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"விசாரணைக்குப் போனா நீங்க ஜெயிக்கலாம் சார். வருஷக்கணக்கா ஆவும். அண்ணனைக் கூண்டுல ஏத்தி, யார் சொன்னது, என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்க. இல்ல, ஒத்துக்கிட்டு அபராதம் கட்டலாம். அதோட முடிஞ்சுதுன்னு மட்டும் நினைக்காதீங்க. அதுக்குப் பேரு தண்டனை. நாளைக்கு பாஸ்போர்ட்டுன்னா அதை எழுதணும். சொல்லாததை சொன்னேன்னு சொல்லுங்கன்னு நான் சொல்லமாட்டேன்."

வெளியே டீக்கடையில் அண்ணனைக் கேட்டேன். "சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியும். ஏண்ணா என் பேர்ல எழுதினீங்க?"

அவர் டம்ளரையே பார்த்தார். "தூக்கி வளத்த பொண்ணு, பெரியப்பான்னு கூப்புடற பொண்ணு, என்னை அப்படிச் சொல்லிச்சுன்னு எப்படி எழுதிக் குடுக்கறது? ஊர்ல சிரிப்பாங்க. நீ சொன்னேன்னா யாரும் சிரிக்கமாட்டாங்க."

"கூண்டுல கேட்டா?"

"சத்தியம் வாங்கிட்டுக் கேட்டா பொய் வராது தம்பி எனக்கு."

அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

வீட்டில் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்பா."

"என்னை எந்த அரசாங்கமும் வேலைக்குக் கூப்புடப் போறதில்ல. உன்னைக் கூப்பிட்டிருக்கு."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

கோர்ட்டில் சமாதானம் பதிவான பிறகு, அந்த வார்த்தையைப் பற்றி நீதிபதி என்னிடம் கேட்டார். வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒப்புக்கொள்கிறேன் என்றேன். யாருடைய வற்புறுத்தலாவது உண்டா என்றார். இல்லை என்றேன். முப்பது வருடமாக அடுத்தவர் பெயரில் மனு எழுதுகிறேன். ஒரு சபையில் என்னுடையது என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே வரி மகள் சொன்னது. அபராதம் கட்டிய ரசீதில் என் இன்ஷியல் தப்பு. திருத்தவில்லை.

படிவத்தில் மகள் 'ஆம்' என்று எழுதி, தீர்ப்பு நகலை இணைத்தாள். "கேஸ்லேர்ந்து வெளிய வந்துடலாம், மறைச்சா அதுலேர்ந்து வர முடியாது" என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். இரண்டு வாரம் வாசலில் யாருடைய பைக் சத்தம் கேட்டாலும் அவள் எழுந்து போய்ப் பார்த்தாள்.

கடைசியில், விசாரிக்க ஒரு ஏட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நகலை முழுக்கப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"ஏம்மா, உங்கப்பா வீட்லயும் இப்படித்தான் பேசுவாரா?"

மகள் காபியை அவர் முன்னால் வைத்தாள். முகத்தில் ஓர் அசைவில்லை.

"கோவம் வந்தா கொஞ்சம் ஜாஸ்தியா ஆயிடும் சார். நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம்."

அவர் அனுப்பிய அறிக்கையில் அவள்மேல் ஆட்சேபம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் ஆணை வந்தது. எனக்குத்தான், ஏட்டு அன்று கிளம்பும்போது, அறிவுரை கிடைத்தது.

"வயசுப் பொண்ணை வச்சிக்கிட்டு இந்த மாதிரி பேசலாமா சார்? அது காதுல விழுந்தா என்ன கத்துக்கும்?"

"இனிமே பேசலைங்க" என்றேன்.

மகள் ஆமோதித்துத் தலையாட்டினாள்.