சிங்கப்பூருக்குப் போட்ட போன்

என் தங்கை செலினுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை அமைந்திருந்தார். வரும் ஞாயிறு மாதா கோயில் பூசையில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க ஏற்பாடு. அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் தங்கையைக் கடல் கடந்து அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு செஞ்சி தபாலாபீசுக்குப் போனேன். மாப்பிள்ளை வேலை பார்க்கும் கடையின் எண்ணைக் கொடுத்து டிரங்கால் பதிந்தேன். மாலையில் லைன் கிடைத்தது. ஆனால் நமக்கு முன்பே அங்கே இருட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாது. கடை பூட்டியிருந்தது. காவலாளி எடுத்து மலாய் மொழியில் ஏதோ சொன்னார். ஒன்றும் புரியாமலே மூன்று நிமிடக் கட்டணம் கட்டினோம்.

"போதும்மா, ஊரே சிரிக்கும்" என்றார் நைனா.

"சிரிச்சா சிரிக்கட்டும் நைனா. பேசாம நான் வுடமாட்டேன்."

ஆளின் பெயரைச் சொல்லிப் பதிந்தால், அவர் கிடைக்காதபோது சிறு கட்டணம்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலையிலேயே போய் அதே கடை எண்ணுக்கு அப்படிப் பதிந்தேன். லைன் வந்ததும் நைனாவும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டார். ஆபரேட்டர் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டார். ஒரு பெண் தமிழில் பதில் சொன்னாள்.

"அவர் வெளியே போயிருக்கார். கடையில நான் இருக்கேன், அவர் சம்சாரம்தான். என்ன விஷயம்?"

நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. "வாம்மா, சாமியாரைப் பாத்து ஓலைய நிறுத்திடலாம்" என்று எனக்கு முன்னால் படியிறங்கினார்.

இப்போதெல்லாம் எங்கள் உறவில் அக்கரை வரன் வந்தால், அங்கே மணி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பிறகு மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி நானே போன் பதிகிறேன். யார் முகம் சுளித்தாலும் சரி, அவர் குரலைக் கேட்ட பிறகுதான் மற்றப் பேச்சு.