பேரைச் சுற்றி ஒரு கையகலம்

சிதம்பரத்தில் அந்தப் பாலிஷ் பட்டறைக்காரரின் முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் கரி. எந்தப் பாத்திரத்தை வாங்கினாலும் முதலில் கட்டைவிரல் நகத்தால் கீறலைத் தடவிப் பார்ப்பார். நகம் மாட்டினால் கீறல் போகாது, மாட்டாவிட்டால் போய்விடும் என்பது அவர் கணக்கு.

சுனாமிக்கு மறு வருஷம் கடலூரிலிருந்து என் தங்கையின் எவர்சில்வர் குடத்தை அவரிடம் கொண்டுபோனேன். கல்யாணத்துக்கு அவள் பேர் வெட்டிக் கொடுத்த குடம். மணலில் குடம் கிடைத்தது, அவள் கிடைக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அழுததால், கீறலையாவது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

நகத்தால் சுற்றிலும் தடவிவிட்டு, "எல்லாம் போயிடும் சார்" என்றார்.

சாயங்காலம் போனபோது குடத்தில் என் முகம் தெரிந்தது. தங்கையின் பேரைச் சுற்றி மட்டும் ஒரு கையகலத்துக்குக் கீறல் அப்படியே இருந்தது.

"இத ஏண்ணே வுட்டுட்டீங்க?" எரிச்சலாகத்தான் கேட்டேன்.

அவர் சக்கரத்தை நிறுத்தினார். "மணல் கீறுனது பாத்தாலே தெரியும் சார். எங்க வூட்லயும் ஒரு சொம்பு கெடக்கு, எம் பொண்ணு பேரு போட்டது. அத இன்னும் நான் தொடல. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

வேண்டாமென்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போதும் தண்ணீர் பிடிக்கும்போது அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கிறேன். ஒரு கீறலிலும் நகம் மாட்டுவதில்லை.