எஸ்தாக்கியின் கேட்

கேட்டைச் சாத்தி, கொளுக்கியை மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் எஸ்தாக்கி நெற்றியில் சிலுவை போடுவார். "ஆண்டவரே, நான் கேட்ட பூட்டிட்டேன். மிச்சத்த நீங்க பாத்துக்கிடுங்க." உக்குவளையில் தண்டவாளம் வீதியை வெட்டும் இடத்தில் பதினெட்டு வருஷமாக இதே காவல், இதே செபம்.

மாட்டையும் மந்திரி வாகனத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவார். பஸ்காரன் அவசரப்பட்டால், "ஹோர்ன் அடிச்சா ரயிலு ஒதுங்கிப் போகுமாக்கும்?" என்பார். ரயில் போனதும் மஸீனாவின் கடையில் ஒரு பிளேன்டீ. எப்போதும் நின்றபடிதான்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் அவருடைய காவல் குடிசையில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. வேலைக்கு வருகிறவனுக்குச் சாவு என்று, அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய இளைஞர்கள் சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் வேலைக்குப் போன ஒரு தபால்காரரை ஆற்றோரம் பிணமாகக் கண்டெடுத்திருந்தார்கள். ஆர்மி காவலோடு காலை ரயில் மட்டும் ஓடியது.

மறுநாள் மனைவி ரெஜினா வாசலை மறித்தாள். "ஊரே வீட்டுல இருக்கு. ஒங்களுக்கு மட்டும் என்ன வந்திச்சு?"

"எனக்கும் பயந்தான்." சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னார். "வளைவுல ரயிலு வர்றது ரோட்டுல போற சனத்துக்குத் தெரியாது, ரெஜினா. ஒரு உசுரு போச்சுன்னா ஆண்டவர்கிட்ட நான்தானே பதில் சொல்லணும்?"

முகத்தைத் துணியால் கட்டிய இரண்டு இளைஞர்கள் குடிசையருகே காத்திருந்தார்கள். ஒருவன் கையில் துவக்கு. "கடதாசிய வாசிக்கலயா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"வாசிச்சேன், மகன். ரயில் வர்ற நேரம். இத அனுப்பிட்டு வர்றேன், அப்புறம் ஒங்க இஷ்டம்."

துவக்குக்கு முதுகைக் காட்டி நடந்தார். கொளுக்கி கையிலிருந்து நழுவியது. திரும்ப மாட்டி, இரண்டு தரம் இழுத்தார். எதிர்ப்பக்கம் நோயாளிப் பெண்ணொருத்தியை ஏற்றி வேகமாக வந்த டிரக்டர், கேட்டை முட்டுகிற மாதிரி வந்து நின்றது. அடுத்த நொடி ரயில் வந்தது. பெட்டி வாசலெல்லாம் சிப்பாய்கள். இளைஞர்கள் குடிசைக்குப் பின்னால் பதுங்கினார்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், இரண்டு பேரும் அங்கேயே விழுந்திருப்பார்கள். எஸ்தாக்கியின் வாய் செபத்தில் இருந்தது.

ரயில் மறைந்ததும் துவக்கு வைத்திருந்தவன் வந்தான். "ஏன் கத்தல?"

"நீங்களும் என் கேட்டடியிலதானே நின்னீங்க."

மற்றவன் குடிசைக்குள் புகுந்து சிவப்புக் கொடி, பச்சைக் கொடி இரண்டையும் எடுத்து வந்து எரித்தான். "நாளைக்கு வந்தா சுடுவோம்," என்றான். இருவரும் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை எஸ்தாக்கி முற்றத்தில் யோசித்தபடி நின்றார். ஆபத்தென்றால் ரயிலை நிறுத்தக் காட்டுவதற்குக் கையில் ஒரு சிவப்புத் துணி இல்லை. ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை வாசலை மறிக்கவில்லை. துணிக்கொடியில் காய்ந்த தன் சிவப்பு உள்பாவாடையை உருவி, ஓரத்தைப் பல்லால் கடித்து நெடுகக் கிழித்தாள். விளக்குமாற்றுக் கம்பில் இறுக்கிக் கட்டினாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவருக்கு முன்னால் கேட்டை நோக்கி நடந்தாள்.