அக்காவுக்கு ஏற்றிய தம்பியின் செல்

வீடு வீடாகப் போய் இரத்தம் கேட்கிற தொழிலில், கேட்டதைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும்: தேத்தண்ணி, இளநி, ஏச்சு. டாக்டருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் யாராவது இருந்தால், உங்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கடல் வந்து போய், சண்டை இன்னும் ஓயாத காலம். எந்த மருந்துக்கும் அடங்காத இரத்தப் புற்றுநோய்க்கு இந்தியாவில் ஒரு ஆஸ்பத்திரி புதிய வைத்தியம் ஒன்றைப் பரீட்சித்துக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவரின் இரத்தம் பொருந்தினால், அதிலிருந்து நோயை எதிர்க்கும் செல்களைப் பிரித்து நோயாளிக்கு ஏற்றுவார்கள். இங்கிருந்து நோயாளிகளை அனுப்பியவர் கொழும்பு டாக்டர் ஒருவர். அந்தக் கூடப்பிறந்தவர்களைத் தேடிப்பிடிக்கிற வேலை மருதமுனைக்காரனான என்னுடையது. தம்பிலுவில் யோகம்மாதான் என் முதல் நோயாளி.

படை

எங்கள் பக்கத்தில் ‘செல்’ என்றால் பறந்து வந்து விழுந்து வெடிப்பது. ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘உடம்பைக் காக்கிற படை’ என்று விளங்கப்படுத்தச் சொன்னார் டாக்டர். ஏசி அறையில் இருந்து யோசித்தால் இப்படித்தான் நல்ல யோசனைகள் வரும்.

யோகம்மாவின் தாயிடம், “அம்மா, மகளைக் காப்பாத்த ஒரு படை வேணும். அதுக்கு உங்கட மகன் தவராசாதான் ஆள்” என்று தொடங்கினேன். இயக்கத்துக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தவர்களைக் கண்ட மனுசி அவர். முற்றத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த மகனை மறைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“படைக்கு ஆள் எடுக்கிறதெண்டா என்னைக் கொண்டு போங்க தம்பி. அவனை விடுங்க.”

ஆளைத் தேடினீர்களா?

தாயைச் சமாதானப்படுத்தியபின் அடுத்த சிக்கல். கூடப்பிறந்த எல்லாரிடமும் இரத்தம் எடுக்க வேண்டும் என்பது விதி. யோகம்மாவுக்கு இரண்டு தம்பிமார். மூத்தவன் தேவனைச் சுனாமி கொண்டுபோய்விட்டது, உடல்கூடக் கிடைக்கவில்லை. இதைப் போனில் கொழும்புக்குச் சொன்னேன். “ஆளைத் தேடிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார் அங்கிருந்த அலுவலர். என்ன ஒரு அக்கறை!

போனை வைத்தேன். பாயில் படுத்திருந்த யோகம்மா, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறையில் ‘காக்கா’ என்று என்னைக் கூப்பிட்டார்.

“தேவன்ட இரத்தந்தான் எனக்குச் சேருற இரத்தமெண்டா, அதை இனி எப்பிடிக் காக்கா அறியிற?”

சாவடி

தவராசாவின் இரத்தத்தைச் சின்னப் போத்தல்களில் எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொழும்பு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் என்னை மட்டும் இறக்கினார்கள். பெட்டிக்குள் என்ன என்று கேட்டான் சிப்பாய். “இரத்தம்” என்றேன். அந்த ரோட்டில் உண்மை பேசுவது எவ்வளவு பெரிய பிழை என்று உடனே விளங்கியது. ஐந்தாறு துவக்குகள் என் பக்கம் திரும்பின.

தம்பியின் இரத்தம், அக்காவின் வருத்தம், கொழும்பில் டாக்டர் என்று தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். அவன் ஒரு போத்தலை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். பிறகு பக்குவமாகத் திருப்பி வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

“நல்லம். இந்த ரோட்டுல ரத்தம் போத்தலுக்குள்ள இருக்கிறது இப்பதான் பாக்கிறன்.”

பொருத்தம்

முடிவு வந்தது. அக்காவும் தம்பியும் அச்சொட்டாகப் பொருந்துகிறார்களாம்; டாக்டர் போனிலேயே துள்ளினார். அவருக்குத் தெரியாத ஒன்று, சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கிடைத்த ஒற்றை வீடு யாருக்கு என்ற சண்டையில் அந்த இரண்டு பேரும் முகம் பார்ப்பதை விட்டு நெடுநாள். தாயின் வீட்டு வளவில்கூட ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் முற்றத்தோடு நிற்பார்.

கெஞ்சி மன்றாட ஆயத்தமாகத்தான் கடற்கரைக்குப் போனேன். தவராசா தோணியை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். இந்தியா போக வேண்டும், கையில் ஊசி குத்தி நெடுநேரம் மிசினோடு படுக்க வேண்டும் என்றேன். ஒரேயொரு சந்தேகம் கேட்டான்.

“இரத்தம் குடுக்கிற நேரம் அவவோட கதைக்கத் தேவையில்லதானே?”

சொறி

இந்தியாவில் செல் ஏற்றிய சில கிழமைகளில் யோகம்மாவுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, வாய் புண்ணானது. வந்த செல் நோயை மட்டுமல்ல, இடம் கொடுத்த உடம்பையும் அடிக்குமாம். கொஞ்சம் அடித்தால் நல்ல சகுனம், கூட அடித்தால் ஆள் முடிந்தது என்றார்கள். எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டேன். அதைத்தான் பரீட்சிக்கிறோம் என்றார்கள்.

எனது அடுத்த நோயாளி, சவளக்கடை வாத்தியார் ஒருவர், அந்தப் பரீட்சையில் தப்பவில்லை. யோகம்மா தப்பினார். சண்டை முடிந்து ரோட்டில் வெடி கொளுத்திய நாட்களில் ஊர் திரும்பினார். இரத்தத்தில் நோய் இல்லை. பார்க்கப் போனேன். தலைமயிர் இல்லாத யோகம்மா, முழங்கையைச் சொறிந்துகொண்டே சிரித்தார்.

“இது தவராசாட செல்தான் காக்கா. உள்ள வந்த உடனேயே என்னோட சண்டைக்கு நிக்குது.”

பிழைத்தால் டாக்டரின் கெட்டித்தனம், பிழைக்காவிட்டால் இறைவனின் நாட்டம், ஊசி குத்திய கை வீங்கினால் மட்டும் இரத்தம் எடுத்தவனின் குற்றம் என்பதுதான் எங்கள் தொழிலில் நிலவும் நீதி.