மானுக்கு எந்தக் குண்டு

துவக்குக் கடைக்காரர் ஐந்து பெட்டிகளை வரிசையாக மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்திலும் மான் படம். அதே கொம்பு, அதே நிமிர்ந்த தலை. இந்தப் படத்தைப் பார்த்து எதைத் தெரிவு செய்வது? அரிசி மூட்டை என்றால் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாவது பார்க்கலாம்.

“என்ன சுடப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

மான் என்றேன். ஆட்டுக்கடா அளவான சின்ன மான்.

“எவ்வளவு தூரத்தில்?”

“நாற்பது, ஐம்பது மீற்றர்.”

“நிற்கும் மானா, ஓடும் மானா?”

மானிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அதற்குள் அவர் குண்டின் எடை, வேகம், நுனியின் வடிவம் என்று தொடங்கிவிட்டார். பதினெட்டு வருடம் வேட்டையாடியவன் நான். அந்த மேசைக்கு முன்னால், முதல்நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை வருடமும் நான் குண்டைத் தெரிவு செய்ததே இல்லை. நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் தெருவுக்குப் பின்னால் வீடு. இரண்டு மெத்ரோ ரயில் மாறினால் வேலை. முதலாளியை எல்லாரும் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் உணவகத்தைப் பூட்டிவிட்டு அவர் தன் ஊர்க் காட்டுக்கு வேட்டைக்குப் போவார். பாரிசுக்குத் தெற்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஒருமுறை இறைச்சி வெட்ட ஆள் தேவை என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு நானும் பரீட்சை எழுதி வேட்டைப் பேர்மி என்ற அனுமதிப் பத்திரத்தை எடுத்தேன். கார் ஓட்டும் பேர்மிக்கு மூன்று தரம் போனவன், இதில் முதல் தரமே பாஸ். அன்றிலிருந்து பத்ரோன் எந்தப் பெட்டியை வாங்குகிறாரோ அதையே நானும் வாங்குவேன். சுட்டால் மான் விழுந்தது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மனைவிக்குத் துவக்கு பிடிக்காது. அது வீட்டுக்கு வந்த அன்றே கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்? இஞ்சை வந்து நீங்களே காசு குடுத்து ஒண்டு வாங்கிறியளோ?”

நியாயமான கேள்வி. துவக்கை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்தப் பெட்டிக்கு மேலே அவள் பழைய சேலைகளை அடுக்கி மறைத்தாள். ஆனால் முதல் மான் இறைச்சி குசினிக்கு வந்ததும் சரக்குத்தூள் வறுத்து இடித்தவளும் அவள்தான். அதோடு அந்தக் கேள்வி நின்றுபோனது.

இப்போது குண்டைப் பற்றிக் கேட்டவள் மகள். கலியாணம் செய்து, பாரிசுக்குப் பக்கத்து ஸ்தேனில் இருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி, ஐந்து மாதம். வயிற்றில் பிள்ளை வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. சோறு வேகும் மணத்துக்கே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள். தாய் கட்டிக்கொண்டு போன புட்டு, இடியப்பம், மீன் சொதி எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. ஏற வேண்டிய நிறை இறங்கிக்கொண்டு போகிறது என்று டொக்டர் முகத்தைச் சுளித்தார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் தொலைபேசியில், “அப்பா, மான் கறி வேணும்” என்றாள். என்னோடு எப்போதும் பிரெஞ்சில் கதைப்பவள் அதை மட்டும் தமிழில் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஞாயிறே கொண்டு வருகிறேன் என்றேன். உடனே பிரெஞ்சுக்கு மாறினாள்.

“ஆனால் என்ன குண்டால் சுடுவீர்கள்? ஈயக் குண்டால் சுட்ட இறைச்சியைத் தொடவே வேண்டாம் என்று பிரசவம் பார்க்கிறவ சொல்லியிருக்கிறா. வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளைக்குக் கூடாதாம்.”

மானைச் சுடுவதே கொலை என்று பதினைந்து வயதில் என்னோடு இரண்டு மாதம் கதைக்காமல் இருந்தவள். இப்போது குண்டு எந்த உலோகம் என்று விசாரணை வைக்கிறாள்! ஆத்திரம் வந்தது. ஆனால் ஐந்து மாதத்தில் அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

லா சப்பலில் என் மனைவியின் தம்பிக்குப் பலசரக்குக் கடை இருக்கிறது. அங்கே போய் வாய் திறந்தது என் பிழை.

“அத்தான், பாரமான குண்டா வாங்குங்கோ. விழுந்தால் காணும்” என்றான் மச்சான். நான் கொண்டு வரும் மானில் பின்தொடை தனக்கு வரவேண்டும் என்பதைத் தவிர வேட்டையைப் பற்றி அவனுக்கு வேறொன்றும் தெரியாது. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் வெள்ளிக் குண்டுதான் நல்லது என்றார். வெள்ளியில் யார் குண்டு செய்கிறார்கள்? இன்னொருவர் பொறி வைத்துப் பிடிக்கச் சொன்னார். ஆர்ஜொந்தெய் ஊரில் இருந்து சாமான் வாங்க வந்தவர் உள்ளூர்ப் பண்ணை ஆடே போதுமே என்று எனக்குப் புத்தி சொன்னார். வாழ்நாளில் ஒரு காக்கையைக்கூடக் கலைக்காத ஆட்கள். கறிவேப்பிலை வாங்க வந்த எல்லாரும் அரை மணித்தியாலம் நின்று குண்டு கதைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் குண்டைப் பற்றி உண்மையாகத் தெரிந்தவன் ஒருவன்தான். ஊரில் போருக்குள் இருந்து வந்தவன், இடது காலை இழுத்து இழுத்து நடப்பவன். பைக்குள் சாமானைப் போட்டுக்கொண்டு, “உள்ளை போனது ஒரு துண்டாய்க் கிடக்காது அண்ணை. எனக்கு இன்னும் பதினொண்டு கிடக்கு” என்று இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டான். பிறகு மச்சான் மறுபடியும் பாரமான குண்டைப் பற்றித் தொடங்கினான்.

அதற்கடுத்த நாள்தான் துவக்குக் கடைக்குப் போனேன். ஈயம் வேண்டாம், மகள் பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்ன பிறகே கடைக்காரரின் முகம் மாறியது. நான்கு பெட்டிகளை ஒதுக்கிவிட்டு ஒன்றை முன்னுக்குத் தள்ளினார். முழுக்கச் செம்புக் குண்டு. உள்ளே போனால் நுனி விரியும், ஆனால் உடையாது, மறுபக்கத்தால் ஒரே துண்டாக வெளியே போகும் என்றார். ஈயம் உடைந்து சிதறும். அதனால்தான் மான் நின்ற இடத்திலேயே விழுகிறது. அதைக் காட்ட ஒரு எக்ஸ்ரே படத்தையும் எடுத்து வைத்தார். ஈயக் குண்டு பட்ட ஒரு மானின் முன்தொடை. எலும்பைச் சுற்றி வெள்ளைப் பொட்டுகள். கடுகைக் கொட்டிவிட்ட மாதிரி, ஒரு சாண் தூரத்துக்கும் மேலே.

“அதனால்தான் பட்ட இடத்தைச் சுற்றி நிறைய வெட்டி எறிய வேண்டும். அது உங்களுக்குத் தெரியும்தானே?” என்றார்.

தெரியும் என்று தலையை ஆட்டினேன். என் காது சூடாகிவிட்டது.

எனக்குத் தெரிந்தது வேறு. வேட்டை முடிந்து வெட்டும்போது பிரெஞ்சுக்காரர் குண்டு பட்ட முன்தொடையையும் விலாவையும் நாய்களுக்கென்று ஒரு வாளிக்குள் எறிவார்கள். இறைச்சியின் அருமை தெரியாத சனம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, அதை எல்லாம் எனக்குத் தாருங்கள் என்று முதல் வருடமே கேட்டவன் நான். எலும்போடு ஒட்டிய இறைச்சிதானே ருசி? பாரக் கத்தியால் எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, இரத்தம் கன்றிப்போனதைக் கழுவி, ஒரு துண்டு வீணாக்காமல் குழம்பு வைப்போம். பல்லில் ஏதாவது கடிபட்டால் எலும்புத் துகள் என்று துப்பிவிட்டுச் சாப்பிடுவோம். நான் வேட்டைக்குப் போகத் தொடங்கியபோது மகளுக்குப் பத்து வயது. எலும்பு சூப்புவதில் வீட்டில் அவள்தான் கெட்டிக்காரி. நல்ல எலும்பாகப் பார்த்து அவள் சோற்றுக் கோப்பையில் வைத்ததும் நான்தான்.

செம்புப் பெட்டிகள் இரண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மெத்ரோவில் வழியை மறித்து நின்றவனைத் திட்டினேன்.

செம்பும் இலேசில் விடவில்லை. என் துவக்குக்கு அது பிடிக்கவில்லை. சூட்டுப் பயிற்சி நிலையத்தில் வட்டத்தின் நடுவுக்குக் குறிவைத்தால் ஒரு சாண் கீழே போனது. கடைக்காரரிடம் போனேன், குழலுக்குள் பழைய கறை இருக்கிறது, வடிவாகத் துடைக்க வேண்டும் என்றார். ஒரு பின்னேரம் முழுவதும் துடைத்தேன். வீடு முழுக்க எண்ணெய் மணம், மனைவி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் புறுபுறுத்தாள். திரும்பப் போய்ச் சுட்டால் இப்போது வலப்பக்கம் போகிறது. குறிபார்க்கும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, ஒரு பெட்டி முடிந்த பிறகுதான் நடுவில் பட்டது. “நீ சமையல்காரனா, விஞ்ஞானியா?” என்று பத்ரோன் உணவகத்தில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்.

அந்த ஞாயிறு ஒரு ஓக் மரத்தடியில், செம்மஞ்சள் மேலங்கியோடு மூன்று மணித்தியாலம் நின்றேன். கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. நாய்கள் குரைத்த திசையிலிருந்து ஒரு மான் வந்து, வெட்டவெளியான இடத்தில் ஒரு கணம் நின்றது. சுட்டேன். விழவில்லை. ஓடியது! கடைக்காரரையும், பிரசவம் பார்க்கிறவவையும், மகளையும், செம்பைக் கண்டுபிடித்தவனையும் ஒரே மூச்சில் திட்டி முடிப்பதற்குள் முப்பது அடி ஓடிப்போய்ப் புதருக்குள் சரிந்தது. போய்ப் பார்த்தேன். குண்டு ஒரு விலாவுக்கால் போய் மற்ற விலாவுக்கால் சுத்தமாக வெளியே வந்திருந்தது. தோளில் படவில்லை. அந்தக் குளிரில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஊர் வேட்டைக்குழுவில் சுட்டவனுக்கு மான் சொந்தம் இல்லை. விழுந்த எல்லாவற்றையும் வெட்டி, ஆளுக்கொரு பங்காக வேட்டைக் கொட்டிலில் இருக்கும் நீள மேசையில் வைப்பார்கள். குழுத் தலைவர் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பத்ரோன் ஒரு பங்கைத் தொட்டு “இது யாருக்கு?” என்று கேட்பார். தலைவர் திரும்பிப் பாராமல் ஒருவரைச் சொல்வார். அவருக்கு அது. பதினெட்டு வருடம் நானும் நின்று பங்கு வாங்கிய முறைதான். குண்டு, எக்ஸ்ரே, எண்ணெய்த் துணி என்று அலைந்த இத்தனை நாளில் இது எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? என்னை நானே அறைய வேண்டும்போல இருந்தது.

அன்றைக்கு மூன்று மான். மற்ற இரண்டும் ஈயம். நான் சுட்டதிலிருந்து எனக்குத் தாருங்கள், மகள் பிள்ளைத்தாய்ச்சி என்று கேட்டேன்.

“முடியாது,” என்றார் தலைவர். எண்பதை நெருங்கும் பண்ணைக்காரர். “இன்று உனக்கு மகள், நாளைக்கு இன்னொருவருக்கு மாமியார். என் தகப்பன் காலத்திலிருந்து இதுதான் முறை.”

பிறகு எல்லாரும் வாயைத் திறந்தார்கள். தான் அறுபது வருடமாக ஈயம் தின்கிறேன், எனக்கு என்ன குறை என்று காது கேட்காத ஒருவர் கத்தினார். செம்பு நாயின் மேல் தெறிக்கும் என்றார் இன்னொருவர். மச்சானின் கடைக்கும் இந்தக் கொட்டிலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, இங்கே கறிவேப்பிலைதான் குறை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஓரமாகப் போய் நின்றேன்.

தலைவர் முதுகைக் காட்டி நின்றார். “இது யாருக்கு?” “இது யாருக்கு?” ஆறு பங்கு போனது. நான் சுட்ட மானின் பின்தொடைக்கு வந்ததும் பத்ரோன் இருமினார். கொட்டில் முழுக்கக் கேட்கும் இருமல். பன்னிரண்டு பேரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

“சமையல்காரனுக்கு,” என்றார் தலைவர், திரும்பிப் பாராமல்.

பங்கை எடுத்துப் பைக்குள் வைத்தேன். நன்றி சொல்லவில்லை. சொன்னால் அது களவு என்று ஆகிவிடும். காரில் ஏறும்போது தலைவர் பின்னால் வந்து ஒரு கனத்த பையை என் கையில் திணித்தார். “உன் வழக்கமான பங்கு. யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்தேன்.” மற்ற இரண்டு மான்களின் முன்தொடையும் விலாவும். பதினெட்டு வருடம் எனக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த மனிதர். வாங்கிக்கொண்டேன். வழியில் பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில், பத்ரோன் காசு கட்டப் போன நேரம், குப்பைத் தொட்டிக்குள் போட்டேன்.

அடுத்த நாள் மகள் வந்தாள். எங்கள் வீட்டு மேசையில் இருந்து ஒரு கோப்பை சோறும் மான் கறியும் சாப்பிட்டாள். நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தி வரவில்லை. தாய் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். மகள் விரலைச் சூப்பிக்கொண்டு பிரெஞ்சில் கேட்டாள்.

“அப்பா, நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கொண்டு வந்ததெல்லாம் என்ன குண்டு?”

பொய் சொல்லத்தான் நினைத்தேன்.

“ஈயம்,” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அதுதான் எனக்குக் கணக்கு வராமல் போயிருக்கும்,” என்று சிரித்துவிட்டு, தமிழுக்கு மாறி, “இன்னும் கொஞ்சம் போடுங்கோ அப்பா” என்று கோப்பையை நீட்டினாள். தாயும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பையோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். செம்பு உடையாது, குண்டு மறுபக்கத்தால் வெளியே போய்விட்டது, என் கண்ணாலேயே பார்த்தேன். இருந்தும் சட்டியிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, சூடு பொறுக்காத விரல்களுக்கு இடையில் நசித்து, கடினமாக ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அவள் கோப்பையில் வைத்தேன்.